சுவரொட்டியின் முதுகு

போன மாதம் ஒரு மத்தியானம் ஆதிராவிடமிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நூலகத்தில், என்னுடைய தாள் பராமரிப்புப் பிரிவில் இப்போது இருக்கிற பெண். போனை எடுத்தது என் மனைவி. “சார் யோசனையில இருக்காரு மக்கா. கொறட்ட கேக்குல்லா? அதுதான் யோசனை” என்று சொல்லி, போனை என் காதுக்குப் பக்கத்தில் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

“தாணு சார், ஒரு டவுட்டு. சில்வெஸ்டர் கலெக்‌ஷன் முழுக்க ஸ்கேன் செய்யணும்னு ஆர்டர் வந்திருக்கு. அதுல கம்பிக்குப் பின்னால ஒரு கறுப்பு இளைஞன் நிக்கிற போஸ்டர் உண்டல்லோ? முகத்துல மேலிருந்து கீழா நாலு பழுப்புக் கோடு. சாஃப்ட்வேர்ல ஒரு கிளிக் போதும், போயிடும். எடுத்துக் களையட்டே? பின்னே, தாளோட முதுகுல அச்சு ஒண்ணும் இல்ல, வெறும் அழுக்கு. அத ஸ்கேன் செய்யாம விட்டுடலாம் அல்லே?”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. “ரெண்டும் வேண்டாம் மோளே. காரணத்த எழுதித் தாரேன்.”

“வாய்ஸ் மெசேஜ் போட்டாப் போதும் சார்.”

போட்டுப் பார்த்தேன். பாதியில் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. அழித்துவிட்டேன். ஊரெல்லாம் கோமாளி என்று பெயர் வாங்கிய மனுஷன் வாய்ஸ் மெசேஜில் மூக்கை உறிஞ்சினால் அவள் ஆபீஸ் முழுக்கப் போட்டுக் காட்டுவாள். ஆகவே எழுதுகிறேன்.

என் பூர்வீகம் நாஞ்சில் நாடு. அப்பா மலையாள மண்ணுக்கு வந்து, ‘சாலை’ என்கிற கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதினார். கணக்கப்பிள்ளையின் பிள்ளை கணக்கில் மட்டும் விடாமல் தோற்றேன். கடைசியில் எண்களே இல்லாத வேலையாகப் பார்த்து நூலகத்தின் பைண்டிங் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு தடித்த புத்தகத்துக்குத் தலைகீழாக அட்டை போட்டேன். பல வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். நடுவில் ஒருவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. பிறகு வடக்கே ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றதில் பாதி ரசாயனம், பாதி சப்பாத்தி. திரும்பி வந்தபோது தாளை எப்படிக் கழுவுவது, எப்படி உலர்த்துவது, கிழிந்ததை எப்படிப் பொருத்துவது எல்லாம் தெரிந்திருந்தது. இந்தக் கைகளைச் சும்மா வைத்திருப்பது எப்படி என்பது மட்டும் தெரியவில்லை. அது பத்மஜா டீச்சர் எங்களுக்குத் தலைவராக வந்த பிறகு தெரிந்தது.

டீச்சர் என்று சொன்னாலும் அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அல்ல. கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு வந்தவர், அந்தப் பெயர் கூடவே வந்துவிட்டது. ஒருநாளும் குரல் உயர்த்தித் திட்டியதில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். நாம் எதையாவது அடித்துச் சொன்னால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து “ஆணோ?” என்பார். அப்படியா என்று அர்த்தம். அந்த ஒரு ‘ஆணோ’வில் என் பயிற்சிச் சான்றிதழ் சட்டத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும்.

அவரிடம் ஒரு முறை உண்டு. எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் முதலில் தொடக்கூடாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார வேண்டும். பார்வை இல்லாத ஒருவருக்குச் சொல்வதுபோல அந்தத் தாளை வாயால் சொல்ல வேண்டும். டீச்சர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வார். முதலில் முகம், அதாவது அச்சிட்ட பக்கம். பிறகு முதுகு. எங்கள் பிரிவில் இன்றும் அந்தப் பெயர்கள்தான். “முகம் சொல்லு” என்பார். நான் முதல் தடவை, “அழகான படம் டீச்சர்” என்றேன். கண்ணைத் திறக்காமலே, “கண்ணு காணாத்தவனுக்கு அழகு எந்தரு தாணு? நிறம் சொல்லு. எங்கே கிழிஞ்சிருக்கு சொல்லு” என்றார். நாம் சொல்லாத எதையும் அவர் சரிசெய்ய அனுமதிக்க மாட்டார். சொல்லிச் சொல்லி, மடியில் இருக்கிற கை மரத்துப்போகும். அதற்குப் பிறகுதான் தூரிகை.

சில்வெஸ்டர் அண்ணன் வந்தது ஒரு மழைக்காலத்தில், ஆட்டோவில், மடியில் ஒரு தகர டிரங்குப் பெட்டியோடு. விழிஞ்ஞத்துக்காரர். மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, வலையை விட்டுச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறைக்குப் போனவர். வேலையை விட்டு வந்து நெடுநாளாகியிருந்தது. கடல் அவர் வீட்டு வாசல்வரை ஏறிவிட்டதாம். பெட்டியைத் தட்டிக் காட்டி, “நான் நீந்துவேன். இது நீந்தாது. நீங்க வச்சுக்கணும்” என்றார்.

திறந்தோம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் விடுதலை கேட்டுத் தெருவில் இறங்கிய காலத்துச் சுவரொட்டிகள். உயர்ந்த முஷ்டிகள். முஷ்டி எங்கள் ஊருக்குப் புதிதில்லை, தலைமைச் செயலகத்து வாசலில் தினமும் சில உயரும். ஆனால் அந்த முகங்கள் புதிது. இடுப்பில் குழந்தையோடு நம்மை நேராகப் பார்க்கிற ஒரு தாய். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள். தலைக்கு மேலே கையைத் தூக்கியபடி சுவரோடு நிறுத்தப்பட்ட ஆண்கள். பெரும்பாலும் கறுப்பும் சிவப்பும்தான், மலிவான தாள், அவசர அச்சு. அவசரம்தான் அந்தப் படங்களின் அழகு என்று டீச்சரிடம் சொல்லத் தோன்றியது. ‘ஆணோ’வுக்குப் பயந்து சொல்லவில்லை.

“இந்தப் பழக்கம் எப்படி அண்ணா?” என்று கேட்டேன்.

“அமெரிக்காவுல ஓக்லண்ட் துறைமுகத்துல முடிவெட்டப் போனேன் தம்பி. முதல் கடைக்காரன் என்னைக் கண்டதும் கதவுல தொங்கின பலகையத் திருப்பிப் போட்டுட்டான். அடுத்த தெருவுல ஒரு கறுப்பு அண்ணாச்சி, வந்து உட்காருன்னான். சுவர் முழுக்க இதுதான். நான் வாயப் பொளந்து அங்கயும் இங்கயும் திரும்பினதுல கத்தரி காதுல பட்டுப்போச்சு. ரத்தத்தத் துடைச்சுட்டு, ஒண்ண உரிச்சுக் கையில தந்தான். அதுக்குப் பின்ன எந்தத் துறையில இறங்கினாலும், கூட இருக்கவன்லாம் என்னென்னமோ தேடிப் போவான், நான் போஸ்டர் தேடிப் போவேன். நல்லவன்னு பேராயிட்டு. கப்பல்ல அது கெட்ட பேரு.”

மாதக்கணக்கில் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தோம். சுவரிலிருந்து உரித்த சுவரொட்டிக்கு வழக்கமான சிகிச்சை ஒன்றுதான். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, மை கரைகிறதா என்று நனைத்த ஒற்றுத்தாளால் ஒத்திப் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட வேண்டும். பழைய பசை ஊறி உப்பி வரும். அதை முதுகிலிருந்து வழித்தெடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, பின்னால் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டி உலர்த்தினால், படம் நம்மையெல்லாம் வழியனுப்பிவிட்டுத்தான் கண்மூடும். இந்த வழித்தெடுக்கிற வேலையில் நான் கெட்டிக்காரன். வீட்டில் தோசையைக் கிழிக்காமல் திருப்பத் தெரியாது, அது வேறு விஷயம்.

பெட்டியின் அடியில், தனியாக ஒரு பழைய கைலியில் சுற்றி, அந்த ஒன்று இருந்தது.

“முகம் சொல்லு.”

“கம்பிக்குப் பின்னால் ஓர் இளைஞன் டீச்சர். கண் நேராகப் பார்க்கிறது. கீழே பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு கேள்வி. எங்கள் தம்பியை எங்கே வைத்திருக்கிறாய்? அவ்வளவுதான் வாசகம். ஓரத்தில் சின்னக் கிழிசல்கள். ஓக்லண்ட் சுவரில் உரித்தது என்று அண்ணன் கொடுத்த விவரத்தில் இருக்கிறது.”

“முதுகு?”

“பசை தடிப்பாக இருக்கிறது. தூரிகையால் பூசவில்லை, கையால் இழுத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழே நாலு விரல் தடம், உழுத மாதிரி. பசையின் நிறம் பச்சை. பூஞ்சை பிடித்திருக்கிறது டீச்சர்.”

“ஆணோ?”

அன்றைக்கு நான் அசரவில்லை. பூஞ்சைதான் என்றேன். பரவும் வகை என்றேன். முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பிரிவில் இருந்த எல்லோரையும் வெளியேற்றினேன். கான்டீன் வரைக்கும் போய், டீக் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் இன்று யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று எச்சரித்தேன். அவர்கள் எந்த நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. திரும்பி வந்தால், டீச்சர் கவசம் எதுவும் இல்லாமல் பூதக்கண்ணாடியோடு அந்த முதுகின்மேல் குனிந்திருக்கிறார்.

“தாணு, ஓக்லண்டில் ஆடு உண்டோ?”

பூஞ்சை மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் சுவரொட்டிக்கு மைதா காய்ச்சிய பசை. ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆடும் மாடும் வந்து தலைவரின் முகத்தைத் தின்றுவிடும். அதனால் பசையில் துருசு கலப்பார்கள். நாம் மயில்துத்தம் என்போம், நீலக் கல். அது விஷம், ஆடு ஒரு தடவை நக்கினால் மறு தடவை வராது. சாலையில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் பச்சையைக் கண்டவுடன் பூஞ்சை என்று ஊரைக் கூட்டினேன்.

டீச்சர் உதிர்ந்து கிடந்த ஒரு பொடித் துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அம்மோனியா சில சொட்டு விட்டார். குப்பிக்குள் நீலம் எழுந்தது. சின்னப் பிள்ளையின் ஓணப் பாவாடைபோல அப்படி ஒரு நீலம்.

“அப்ப இது நம்ம ஊர்ல ஒட்டினதா?”

“ஆணு” என்றார். என் சர்வீஸில் முதல்முறையாக அந்தச் சொல்லின் கடைசியில் கேள்வி இல்லை.

“அண்ணன் நம்மள ஏமாத்தியிருக்காரு டீச்சர்.”

“அவரை விளிச்சு வரச் சொல்லு. போலீஸ்காரனப்போல கேட்கண்டா, கேட்டோ.”

சில்வெஸ்டர் அண்ணன் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் எங்களுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம். நான் என் வழக்கப்படி சிரித்துக்கொண்டே, “அண்ணா, ஓக்லண்டுல ஆடு மேயுமா?” என்றேன். அவரும் சிரிக்கத் தொடங்கினார். பிறகு மேசையைப் பார்த்தார். தாள் முதுகு மேலாகக் கிடந்தது. பக்கத்தில் நீலக் குப்பி. சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். நான் சிரித்த வாயை மூட இடம் தெரியாமல் நின்றேன்.

“எனக்க தம்பி, லாசர்” என்றார். “அது அவனுக்க கை.”

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அவசரநிலை நேரம். நான் லீவுல வந்திருந்தேன். அவன் கோட்டைக்குப் பக்கம் ஒரு அச்சாபீஸ்ல எழுத்து அடுக்குவான். கூட வேலை செய்த ஒருத்தனக் கொண்டு போயிட்டானுவ. எங்க வச்சிருக்கானுவன்னு தெரியல. கேட்டு ஒரு நோட்டீஸ் அடிக்க முதலாளிக்குப் பயம். லாசர் எனக்க பெட்டியத் திறந்து ஒவ்வொண்ணா பாத்தான். இதக் கண்டதும், ‘அண்ணா, நமக்கு அச்சடிக்கவே வேண்டாம், கேட்க வேண்டியத அவனுவளே கேட்டு வச்சிருக்கான்’னான்.”

“நீங்க தடுக்கலியா?”

“நானா? பசை காய்ச்சினதே நானாக்கும். துருசு கூடுதலாப் போட்டேன். சாலைப் பக்கம் ஆடு அதிகம்லா?”

டீச்சர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் எடுக்கவில்லை.

“விடியுமுன்ன போயி ஒட்டினான். சாலையில மூட்டை அடுக்குற ஒரு கிட்டங்கிச் சுவரு. ஒட்டிட்டு டீக்கடையில உட்கார்ந்திருக்கான். போலீஸ் வந்து எல்லாரையும் கையக் காட்டச் சொல்லுகு. மூட்டை தூக்குறவனுக்க கையெல்லாம் கறுப்பு. இவனுக்க விரல் நீலம்.” தன் விரல்களைப் பார்த்தார். “ஆடு தின்னப்பிடாதுன்னு போட்டேன்.”

வெளியே யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் தொடர்ந்தார்.

“விவரம் கேட்டு ஓடினேன். போஸ்டர் இல்லேன்னா கேஸ் இல்ல, விட்டிருவானுவன்னு ஒரு புத்தி. நல்ல மழை. பாசி பிடிச்ச சுவரு, பசை காயவே இல்ல. முன்னால ஒரு கான்ஸ்டபிள் குடையும் பிடிச்சுப் படத்த நோக்கிட்டு நிக்கான். என்னைக் கண்டதும், ‘எடே, இது ஆரு? எந்தக் கரைக்காரன்?’ன்னு கேட்டான். நான் சொன்னேன், ‘இங்கிலீஷ் சினிமா சாரே. படம் மாறியாச்சு, எடுத்துட்டுப் போக வந்தேன்.’ ‘சண்டை உண்டோ?’ன்னான். ‘ஏகப்பட்டது உண்டு சாரே.’ படத்துக்குப் போகாமப் போச்சேன்னு அவனுக்கு வருத்தம். நனையாம இருக்க போஸ்டருக்கு மேல குடையப் பிடிச்சான். ஒரு மூலைய அவனே பிடிச்சு உரிச்சும் தந்தான்.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது.

“எனக்க அப்பன் ஸ்டேஷன் ஸ்டேஷனா நடந்தாரு. அப்படி ஒருத்தனப் பிடிக்கவே இல்லேன்னானுவ. ‘போஸ்டரா? எந்தச் சுவரு? வா, காட்டு’ன்னு கூட்டிட்டுப் போனானுவ. சுவர்ல என்ன இருக்கு? எனக்க கட்டிலுக்கு அடியில இருக்கு. எடுத்துக் காட்டினா என்னையும் கொண்டு போவானுவ. கப்பல் வேற கிளம்புகு. நான் போயிட்டேன். அவசரநிலை முடிஞ்சு விசாரணைன்னு ஒருத்தர் வந்தாராம். அன்னைக்கு அவன் அங்க இருந்ததுக்கு ஏதாவது தெளிவு, ஆதாரம் உண்டான்னு கேட்டாராம். அம்மை ‘இல்ல’ன்னு சொன்னா. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் கடல்ல. திரும்பி வந்தப்ப கேட்க ஆளில்ல. கல்லறையில பேரு வெட்ட அம்மை சம்மதிக்கல. வருவான்னு இருந்தா. இருந்தே போனா.”

“பின்ன ஏன் ஓக்லண்ட்னு எழுதினீங்க?” என்று கேட்டது நான்தான். டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

“அது தூரத்து ஊருல்லா தம்பி. அங்க யாரோ ஒட்டினான், யாரையோ கொண்டு போனான். எனக்கே சில நாள் அப்படித் தோணும். அப்பம் உறக்கம் வரும்.”

இனிதான் சிக்கல். அன்று காலையே நான் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். மயில்துத்தம் செம்பு. செம்பு இருக்கிற இடத்தில் தாள் உள்ளிருந்தே வெந்துகொண்டிருக்கும், முதலில் பழுக்கும், பிறகு நொறுங்கும். பசையைக் கழுவி எடுத்தால் அந்த இளைஞன் பிழைப்பான், விரல் தடம் போய்விடும். கழுவாமல் விட்டால் தடம் கொஞ்ச காலம் இருக்கும், கடைசியில் தடமும் இளைஞனும் சேர்ந்தே உதிர்வார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். கண் இமைகூட நோகாமல் பசையை எடுத்துவிடுவேன், என் கையை நம்புங்கள் என்றேன். தடத்தைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கழுவாமல் ஒரு தாளை விடுவது என்பது, எலும்பு முறிந்தவனைக் கட்டுப்போடாமல் வீட்டுக்கு அனுப்புவதுபோல எனக்கு.

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“கழுவின வெள்ளம் எங்க போகும்?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். “சிங்க்கில” என்றேன்.

“அங்கேருந்து?”

“ஓடையில.”

“அங்கேருந்து?”

எங்கள் ஊர் ஓடைகள் கடலில்தான் போய் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். தாளைச் சொல்லும்போது மூடுவாரே, அப்படி. “தாணு, இந்த முகம் உலகத்தில் வேறெங்காவது இருக்குமோ?”

“இருக்கும் டீச்சர். அச்சடிச்சதுதானே. அமெரிக்காவுல லைப்ரரிகள்ல நல்ல பிரதியே இருக்கும்.”

“முதுகு?”

நான் எழுந்துபோய்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன். தண்ணீர் இறங்கும்போது கடைசியில் ஒரு சத்தம் போடும். அது கேட்கும்வரை அடைப்பைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

பிறகு செய்ய முடிந்ததைச் செய்தோம். ஈரம்தான் செம்புக்குத் தீனி. இந்த ஊரில் ஈரத்தோடு மல்லுக்கட்டுவது துண்டால் கடலைத் துடைக்கிற காரியம். ஆனாலும் தனிப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், மேலும் கீழும் நல்ல தாள், மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி, மற்றவை எல்லாம் சுத்தமாக இருக்க இது மட்டும் ஏன் இப்படி, சிகிச்சை ஏன் தரவில்லை என்று கேட்டார். எனக்கு ஒரு நகைச்சுவை நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் முந்திக்கொண்டார். “இதில் நோய் எது, நோயாளி எதுன்னு எங்களுக்கு இன்னும் தெரியல சார். தெரிஞ்சதும் கழுவுறோம்.” அதிகாரி குறிப்பெழுதிக்கொண்டு போனார். டீச்சர் ஓய்வு பெறும்வரை அந்தக் குறிப்புக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் வருஷத்துக்கு ஒருமுறை வருவார், லாசர் டீக் குடிக்க உட்கார்ந்த அந்த நாளில். நான் முதுகை மேலாக வைத்துக் கொடுப்பேன். தொட மாட்டார். தன் கையை அந்தத் தடங்களுக்கு மேலே காற்றில் விரித்துப் பிடிப்பார். “அவனுக்க கை சிறுசு. எழுத்து அடுக்குறவனுக்க வலது கை” என்பார். பிறகு மட்டிப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிப்பார். நான் பேசிப் பேசி நாளை ஓட்டுகிற ஜாதி. அந்த ஒரு நாளில் மட்டும் வாயில் பழத்தைப் போட்டு அடைத்துக்கொள்வேன்.

டீச்சர் போன பிறகு பிரிவு என் தலையில் விழுந்தது. ஒரு மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது முகத்தில் முதல் நிழல் கண்டேன். நெற்றியில் ஒரு வெளிறிய பழுப்பு. அடுத்த முறை அது நீண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. முதுகில் பசை எங்கே தடிப்போ, அங்கே செம்பு தாளைத் துளைத்து முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. தொட்டி நிரப்பினால் இப்போதுகூட நிறுத்தலாம் என்று இந்தக் கை அரித்தது. மடியில் வைத்துக்கொண்டேன். நான் ஓய்வு பெறுகிற வருஷத்தில் நாலு கோடும் தெளிவாகிவிட்டன, நெற்றியிலிருந்து கீழாக, கம்பிகளுக்கு மேலேயே.

அந்த வருஷம் அண்ணன் வந்தபோது, செக்யூரிட்டி கையைப் பிடித்து அழைத்து வந்தார். சர்க்கரை இரண்டு கண்ணையும் கொண்டுபோயிருந்தது. உட்கார வைத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் தம்பியின் கை அந்தப் பையனின் முகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்றா சொல்வது? காலநிலையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, என் மனைவி வைக்கும் தீயலைப் பற்றி உளறிக்கொண்டிருந்தேன்.

“தாணு, நீ ரொம்பப் பேசுதே. என்ன ஆச்சு அதுக்கு? டீச்சர் இருந்தா சொல்லியிருப்பா. நீ சொல்லு.”

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த முறை பயிற்சிக்காக அல்ல.

“முகம் சொல்றேன் அண்ணா. கம்பி அப்படியே இருக்கு. கண்ணு அப்படியே நம்மள பாக்குது. எழுத்து மங்கல. நெற்றியில ஆரம்பிச்சு நாலு கோடு இறங்குது. பழுப்பு நிறம், சுட்ட அப்பளத்து ஓரம் மாதிரி. நாலும் பக்கத்துப் பக்கத்துல. சுண்டுவிரல் கோடு குட்டை. அது கண்ணுக்குக் கீழ நின்னுடுது. மத்த மூணும் தாடை தாண்டிப் போகுது.”

“அது முதுகுல உள்ளதுல்லா?”

“ஆமா அண்ணா. துளைச்சு வந்திருக்கு.”

“இந்தப் பக்கம் நின்னு பாத்தாத் தெரியுமா?”

“தெரியும்.”

“திருப்பிப் போடாமலே? யாரு பாத்தாலும் தெரியுமா?”

“யாரு பாத்தாலும் தெரியும் அண்ணா.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையை உயர்த்தி, எங்கே தாள் இருக்கிறதோ அந்தத் திசையில், கொஞ்சம் தப்பாக, என் சட்டைப் பைக்கு நேராக விரித்துப் பிடித்தார்.

“அப்பம் அவன் வெளிய வந்துட்டான்” என்றார். “அவனுவ விடல. அவனே வந்துட்டான்.”

அதற்கு அடுத்த வருஷம் அவர் வரவில்லை. விழிஞ்ஞத்துத் தேவாலயக் கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரையும் வெட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். வெட்டியிருக்கிறது.

ஆதிரா மோளே, அந்தப் பட்டனை அமுக்காதே. முதுகையும் ஸ்கேன் செய். அச்சில்லாத பக்கம் என்று விவரத்தில் போடாதே. முகத்தில் உள்ள நாலு கோட்டைக் கறை என்றும் எழுதாதே. லாசர், அச்சுக்கோப்பவர், வலது கை என்று எழுது.